கேக்கில் ஒரு பொருள் விடுபட்டுவிட்டால் என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டிலேயே நான் கேக் செய்யத் தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அக்கம்பக்கத்தவர்களும், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் இருக்கும் உறவினர்களும் தொலைபேசியில் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பெரும்பகுதி ஒரே வகையைச் சேர்ந்தது. ஏதோ ஒன்றைப் போட மறந்தாகிவிட்டது, மாவு அடுப்புக்குள் போய்விட்டது அல்லது போகவிருக்கிறது, இனி என்ன செய்வது என்பதுதான் அது. அந்தக் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

கீழே வரும் அளவுகள் அனைத்தும் 7 அங்குல வட்ட டின்னில் செய்யும் சாதாரண வெண்ணெய் கேக்குக்கு உரியவை. அதற்கு 200 கிராம் மைதா, 160 கிராம் சர்க்கரை, 120 கிராம் வெண்ணெய், 3 முட்டை, அரை கப் பால், ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி வெனிலா எசென்ஸ் ஆகியவை வேண்டும். அடுப்பின் சூடு 175 டிகிரி. வேகும் நேரம் 35 முதல் 40 நிமிடம்.

மறந்தது நினைவுக்கு வந்தவுடன் முதலில் என்ன செய்யவேண்டும்?

கடிகாரத்தைப் பார்க்கவேண்டும். மாவு அடுப்புக்குள் சென்று எத்தனை நிமிடம் ஆயிற்று என்பது தெரிந்தால்தான் அடுத்த வேலையை முடிவு செய்ய முடியும். இன்னும் உள்ளே வைக்கவில்லை என்றால், அநேகமாக எந்தப் பொருளையும் சேர்த்துவிடலாம். வைத்து ஐந்து நிமிடத்துக்குள் இருந்தால், மாவு சூடேறியிருக்குமே தவிர வெந்திருக்காது. டின்னைத் துணியால் பிடித்து வெளியே எடுத்து லேசாகச் சாய்த்துப் பாருங்கள். ஓரம் உட்பட மாவு முழுவதும் ஒருசேர நகர்ந்தால், அதை மீண்டும் பாத்திரத்தில் வழித்து ஊற்றி, விடுபட்டதைச் சேர்த்து, டின்னைத் துடைத்து மறுபடியும் எண்ணெய் தடவி வைக்கலாம். ஓரம் நகராமல் நடுப்பகுதி மட்டும் ஆடினால் கேக் உருப்பெறத் தொடங்கிவிட்டது என்று பொருள். பெரும்பாலும் பத்தாவது நிமிடத்தையொட்டி இந்த நிலை வந்துவிடும். அதன் பிறகு கிளறினால், வெந்த துணுக்குகளும் வேகாத மாவும் கலந்த கூழ்தான் மிஞ்சும். அந்த நிலையில் கதவைச் சாத்திவிட்டு, முழுவதும் வேகவிட்டு, வெந்த கேக்கைச் சீர்செய்வதைப் பற்றி யோசிப்பதே சரி.

கனமான பாத்திரத்திலோ குக்கரிலோ கேஸ் அடுப்பின் மேல் கேக் செய்பவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். ஆனால் மூடியைத் திறந்தால் உள்ளிருக்கும் சூடு முழுவதும் போய்விடுவதால், மாவைச் சரிசெய்யும் நேரத்தில் பாத்திரத்தை மூடி மறுபடியும் ஐந்து நிமிடம் சூடேற்றிக்கொள்ளவேண்டும்.

போட்டேனா இல்லையா என்பதே நினைவில் இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் நான் அதிகம் கேட்ட கேள்வி. பலர் விரலால் மாவைத் தொட்டு நக்கிப் பார்க்கிறார்கள். அதைச் செய்யவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பச்சை முட்டையிலும் வேகாத மைதாவிலும் நோய்க்கிருமிகள் இருக்க வாய்ப்புண்டு, குழந்தைகளுக்கு அது இன்னும் ஆபத்தானது.

நம் வீட்டுத் தோசைக்கல்லே இதற்குப் போதும். கல்லை மிதமான தீயில் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, ஒரு தேக்கரண்டி மாவைப் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியதாக ஊற்றி, மூடி போட்டுத் தீயைக் குறைத்து இரண்டு நிமிடம் விடுங்கள். பேக்கிங் பவுடர் போட்டிருந்தால் மேற்பரப்பில் ஆப்பத்தைப் போலச் சிறு கண்கள் திறக்கும்; பிய்த்துப் பார்த்தால் உள்ளே துளைகள் இருக்கும். போடவில்லை என்றால் அது மழமழவென்று தட்டையாக, ரப்பரைப் போல அழுத்தமாக இருக்கும். சர்க்கரை விடுபட்டிருந்தால் அடிப்புறம் பொன்னிறமாகச் சிவக்காமல் வெளுத்துக் கிடக்கும். வாயில் போட்டால் ஐயம் முழுவதும் தீர்ந்துவிடும். உப்பும் எசென்ஸும் இருக்கின்றனவா என்பதையும் அதே துண்டு சொல்லிவிடும். மூன்று நிமிட வேலைதான். ஐயத்தில் பேக்கிங் பவுடரை இரண்டாவது முறை போட்டுவிட்டால், கேக் வேகமாகப் பொங்கி நடுவில் அமிழ்ந்து, நாக்கில் கசப்பும் நிற்கும்.

பேக்கிங் பவுடர் போட மறந்துவிட்டேன். மாவு டின்னில் இருக்கிறது.

டின்னில் இருக்கும் மாவின் மேல் பவுடரைத் தூவி ஒரு கரண்டியால் கிளறுவதுதான் பலரும் செய்யும் தவறு. பவுடர் ஓரிடத்தில் கட்டியாகத் தங்கி, அந்த இடத்தில் மட்டும் குகையைப் போல ஓட்டை விழும்; மற்ற இடம் அடை போல அமர்ந்துவிடும். மாவை அகலமான பாத்திரத்துக்கு மாற்றுங்கள். பவுடருடன் ஒரு தேக்கரண்டி மைதாவைக் கலந்து, டீ வடிகட்டியில் போட்டு, மாவின் பரப்பு முழுவதும் சலித்துவிடுங்கள். பிறகு தட்டைக் கரண்டியால் அடியிலிருந்து மேலாக மடித்து மடித்து, வெள்ளைத் தூள் கண்ணுக்குத் தெரியாமல் மறையும் வரை மட்டும் கலக்குங்கள். அதற்கு மேல் கலக்கினால் மைதாவின் பசைத்தன்மை கூடி கேக் இறுகும். கலந்த உடனே அடுப்பில் வைத்துவிடவேண்டும். ஈரம் பட்டதுமே பவுடர் வேலையைத் தொடங்கிவிடும்.

பத்து நிமிடம் கடந்தபின் நினைவு வந்தால் மனம் தளரவேண்டாம். வெண்ணெயையும் சர்க்கரையையும் நன்றாக வெளுக்கும் வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்திருந்தால், அந்தக் கலவையில் சிக்கியிருக்கும் காற்றே கேக்கை ஓரளவு தூக்கிவிடும். பேக்கிங் பவுடர் வருவதற்கு முன்பு மேலைநாட்டு வீடுகளில் செய்த பவுண்டு கேக்குகள் இந்தக் காற்றை நம்பியே எழும்பின. இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர் 1843ஆம் ஆண்டில் பேக்கிங் பவுடரை உருவாக்கியது, ஈஸ்டும் முட்டையும் ஒவ்வாத தம் மனைவிக்காகத்தான். முட்டை இல்லாத கேக்கில் பேக்கிங் பவுடர் விடுபட்டால் ஏன் தப்பிக்க வழியில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். அங்கே மாவைத் தூக்க வேறு எதுவும் இல்லை.

பேக்கிங் பவுடருக்குப் பதிலாக ஆப்ப சோடாவைப் போட்டுவிட்டேன். இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. ஆப்ப சோடா, சமையல் சோடா, சோடா உப்பு என்று பல பெயர்களில் நம் கடைகளில் கிடைப்பது சோடியம் பைகார்பனேட் மட்டும்; தயிர், எலுமிச்சை போன்ற புளிப்போடு சேர்ந்தால்தான் அது முறையாகப் பொங்கும். பேக்கிங் பவுடர் என்பது அந்தச் சோடாவோடு உலர்ந்த புளிப்புப் பொருளும் கொஞ்சம் மாவுச்சத்தும் சேர்ந்தது. ஆகவே ஒரே அளவில் எடுத்தால் சோடாவின் வலிமை மூன்று, நான்கு மடங்கு அதிகம். ஒன்றரைத் தேக்கரண்டி சோடாவைப் போட்டு வேகவைத்தால் கேக் பழுப்பாக மாறி, சோப்பு வாடையும் கசப்பும் அடிக்கும். வெந்தபின் அதற்கு மருந்து கிடையாது.

வேகவைப்பதற்கு முன்பே தெரிந்துகொண்டால் வழி உண்டு. உலர்ந்த மைதாவின் மேல் சோடா குவிந்து கிடக்கும்போதே பார்த்துவிட்டால், அந்தப் பகுதியை மட்டும் கரண்டியால் அள்ளி எடுத்துவிட்டு, எடுத்த அளவு மைதாவைச் சேர்த்துக்கொள்ளலாம். மாவு முழுவதும் கலந்துவிட்டால், அதில் கால் பங்கை மட்டும் எடுத்து, சோடாவும் பவுடரும் போடாத புதிய மாவு முக்கால் பங்கோடு சேர்த்து, பாலுக்குப் பதிலாகத் தயிர் ஊற்றி ஒரு கேக் செய்யுங்கள். மீதியை வீணாக்க மனமில்லை என்றால் இன்னும் மூன்று கேக்குகள் செய்யவேண்டியிருக்கும். கலந்த மாவு அதுவரை வீரியத்தோடு காத்திருக்காது என்பதால், நான் மீதியைக் கொட்டிவிடவே சொல்வேன்.

பேக்கிங் பவுடர் டப்பா காலி. கடைக்குப் போய்வரும் வரை மாவு தாங்குமா?

பொங்கவைக்கும் பொருள் எதுவும் இன்னும் சேராத மாவு அரை மணி நேரம் தாங்கும்; ஆனால் முட்டையும் பாலும் கலந்த மாவை வேலூரின் மே மாத வெயிலில், 40 டிகிரி கொதிக்கும் பகலில், மேடையில் வைத்துவிட்டு லாங் பஜாருக்குப் போகாதீர்கள். மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கடைக்குப் போகாமலே சமாளிக்கவும் முடியும். பால் இன்னும் ஊற்றவில்லை என்றால் அதற்குப் பதிலாக அரை கப் புளித்த தயிரும், கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலான ஆப்ப சோடாவும் சேருங்கள். பாலை ஏற்கெனவே ஊற்றிவிட்டால் அதே அளவு சோடாவோடு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டால் போதும். பால் லேசாகத் திரிந்தாற்போலத் தோன்றினாலும் வெந்தபின் அது தெரியாது. சுவை சேர்க்காத ஈனோ ஒரு தேக்கரண்டி போட்டும் செய்யலாம், ஆனால் அது ஈரம் பட்ட நொடியிலேயே பொங்கித் தீர்ந்துவிடுவதால், அடுப்பு முழுச் சூட்டில் இருக்கும்போது கடைசியாகக் கலந்து உடனே உள்ளே வைக்கவேண்டும்.

நெடுநாள் கிடந்த டப்பாவில் இருக்கும் பவுடரையும் சோதித்துக்கொள்ளுங்கள். அரைத் தேக்கரண்டியைச் சூடான தண்ணீரில் போட்டால் நுரைத்துப் பொங்கவேண்டும். சோம்பலாக இரண்டு குமிழி மட்டும் வந்தால், அதைப் போடுவதும் போடாமல் இருப்பதும் ஒன்றுதான்.

சர்க்கரையைப் போடாமலே கேக்கை வேகவைத்துவிட்டேன். தூக்கி எறிவதைத் தவிர வேறு வழி உண்டா?

உண்டு. நான் மிகவும் விரும்பிச் சொல்லும் பதில் இது, ஏனென்றால் இதற்கான தீர்வு நம் ஊர் பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிகளிலேயே இருக்கிறது.

சர்க்கரை இனிப்புக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை. அது ஈரத்தைப் பிடித்துவைக்கிறது, மைதாவின் பசைத்தன்மை வலுப்பதைத் தடுக்கிறது, மாவுச்சத்து கெட்டிப்படும் வெப்பநிலையை உயர்த்தி, கேக் எழும்புவதற்கு நேரம் கொடுக்கிறது, மேற்புறத்தைச் சிவக்கவைக்கிறது. ஆகவே சர்க்கரை இல்லாத கேக் வெளுத்து, சீக்கிரமே இறுகி, மேலே வெடித்து, ரொட்டிக்கும் கேக்குக்கும் நடுவில் ஏதோ ஒன்றாக வெளிவரும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மாலை, தொரப்பாடியிலிருந்து ஒரு தங்கை அழைத்தாள். “அக்கா, கேக் வெந்து இறக்கிட்டேன், அளந்து வெச்ச சர்க்கரை கிண்ணத்தோட அப்படியே மேடை மேல இருக்கு” என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் காலை ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு இருபது பேர் வரவிருந்தார்கள். நான் அவளைச் செய்யச் சொன்னது இதுதான். அந்தக் கிண்ணத்துச் சர்க்கரையை, 160 கிராமையும், அதே எடைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, சர்க்கரை கரைந்தபின் மேலும் இரண்டு நிமிடம் மட்டும் கொதித்ததும் இறக்கவேண்டும். கம்பிப் பதம் வரக்கூடாது, வந்தால் பாகு கேக்குக்குள் இறங்காமல் மேலேயே உறைந்துவிடும். ஆறி வெதுவெதுப்பாக வந்ததும் ஒரு மேசைக்கரண்டி தேன், சில துளி எலுமிச்சைச் சாறு. கேக்கின் வெடித்த மேல்தோலைக் கத்தியால் மெலிதாகச் சீவிவிட்டு, பல்குத்தும் குச்சியால் அடிவரை, ஒரு விரல் இடைவெளிக்கு ஒரு துளை வீதம் குத்தவேண்டும். பிறகு பாகை மூன்று பங்காகப் பிரித்து, கரண்டியால் சிறிது சிறிதாக, இருபது நிமிட இடைவெளி விட்டு ஊற்றவேண்டும். முதல் பங்கு மேலே தேங்கி நிற்பதைப் பார்த்து அவள் பயந்தாள். பத்து நிமிடத்தில் அது தானாக உள்ளே இறங்கியது. ஆற்காட்டு மக்கன் பேடாவைச் செய்து பார்த்தவர்களுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல. அதுவும் பாகில் ஊறிய பிறகுதான் மக்கன் பேடா ஆகிறது.

இரவு முழுவதும் மூடிவைத்து, காலையில் மேலே கலப்புப் பழ ஜாமைச் சிறிது வெந்நீரில் இளக்கித் தடவி, உலர்ந்த தேங்காய்த் துருவலைத் தூவினாள். பேக்கரியில் நாம் சிறுவயதிலிருந்து வாங்கிச் சாப்பிடும் ஹனி கேக் அதுதான். சர்க்கரை போட்டுச் செய்த ஸ்பாஞ்சின் மென்மை இதில் முழுவதும் வராது, கடித்தால் சற்று அழுத்தமாகவே இருக்கும். ஆனால் பாகு உள்ளே பரவிய கேக்கில் அந்த அழுத்தம் குறையாகத் தெரியாது.

அடுப்பில் வைப்பதற்கு முன்பே நினைவு வந்துவிட்டால் வேலை எளிது. சர்க்கரையை மிக்ஸியில் நைசாகப் பொடித்துச் சலித்து, மாவில் மடித்துக் கலந்துவிடுங்கள். பொடிக்காமல் போட்டால் அது கரைய நேரமிருக்காது. வெந்த கேக்கின் மேல் பழுப்புப் புள்ளிகளாக நிற்கும்.

முட்டையை உடைத்து ஊற்ற மறந்துவிட்டேன்.

மாவு வழக்கத்தைவிடக் கெட்டியாக இருப்பதே இதைக் காட்டிக்கொடுக்கும். மூன்று முட்டை என்பது சுமார் 150 கிராம் ஈரம். அடுப்புக்கு முன்பு என்றால், முட்டைகளைத் தனிக் கிண்ணத்தில் நுரை பொங்கும் வரை அடித்து, மூன்று தவணையாக மாவில் மடித்துக் கலக்கவேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த முட்டையை அப்படியே சேர்த்தால் வெண்ணெய் திரிதிரியாகப் பிரியும். உடைப்பதற்கு முன் ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுவைத்தால் இந்தத் தொல்லை வராது. வீட்டில் முட்டையே இல்லை என்றால், ஒரு முட்டைக்குக் கால் கப் கெட்டித் தயிர் என்று கணக்கிட்டுச் சேர்த்து, மொத்தத்துக்கும் கால் தேக்கரண்டி ஆப்ப சோடாவைக் கூடுதலாகப் போடுங்கள்.

முட்டையில்லாமல் வெந்து வந்த கேக் வெட்டும்போது பொடிப்பொடியாக உதிரும், ஏனென்றால் அதைக் கட்டிப்பிடித்து நிறுத்தும் புரதம் அதில் போதாது. ஆனால் சுவை கெட்டிருக்காது. அதைத் துண்டு போட முயலாமல், முழுவதையும் உதிர்த்து, கண்டென்ஸ்டு மில்க்கோ ஜாமோ சேர்த்துப் பிசைந்து, ரவா லட்டு அளவுக்கு உருட்டி, உருக்கிய சாக்லேட்டில் முக்கி எடுங்கள். குழந்தைகள் கேக்கைவிட இதை விரும்பிச் சாப்பிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வெண்ணெயை உருக்கி வைத்துவிட்டு ஊற்ற மறந்துவிட்டேன்.

அடுப்புக்கு முன்பு என்றால், கை பொறுக்கும் சூட்டில் இருக்கும் வெண்ணெயை ஓரமாகச் சிறிது சிறிதாக ஊற்றி மடித்துக் கலந்தால் போதும். சர்க்கரையோடு அடித்துக் காற்றேற்றவேண்டிய செய்முறையில் அது விடுபட்டிருந்தால், இழந்த காற்றுக்கு ஈடாகக் கால் தேக்கரண்டி பேக்கிங் பவுடரைக் கூடுதலாகப் போடலாம்.

வெண்ணெய் இல்லாமல் வெந்த கேக் சூடாக இருக்கும்போது நன்றாகவே தோன்றும். ஆறியதும் ரப்பராகி, அடுத்த நாள் காய்ந்துவிடும். ஆகவே இது மறுநாளைக்கு வைத்துக்கொள்ளும் கேக் அல்ல. விரல் கனத்துக்குத் துண்டு போட்டு, இருபுறமும் தாராளமாக நெய் தடவி, தோசைக்கல்லில் ஓரம் முறுகும் வரை வாட்டி, சூடாகத் தேநீரோடு கொடுங்கள்.

இதையொட்டி ஒரு சொல். செய்முறைகளில் வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கவேண்டும் என்று எழுதியிருப்பது 20 டிகிரியை ஒட்டிய குளிர்நாட்டு அறையை மனத்தில் வைத்து. ஏப்ரல், மே மாதங்களில் நம் சமையலறையில் வெண்ணெயை வெளியே வைத்தால் அது உருகி எண்ணெயாகிவிடும். உருகிய வெண்ணெயில் எவ்வளவு அடித்தாலும் காற்று நிற்காது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடத்தில், விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் பதத்தில் அடிக்கத் தொடங்குங்கள். உருகிவிட்டால் கிண்ணத்தோடு ஃபிரிட்ஜில் வைத்து, அந்தப் பதத்துக்கு இறுகியதும் எடுங்கள்.

பால், உப்பு, எசென்ஸ் ஆகியவை விடுபட்டால்?

இவை மூன்றும் கவலைக்குரியவை அல்ல. பால் விடுபட்டால் மாவு கரண்டியிலிருந்து விழாமல் ஒட்டிக்கொண்டே நிற்கும், எனவே அடுப்புக்கு முன்பே தெரிந்துவிடும். வெதுவெதுப்பான பாலை ஊற்றிக்கொள்ளலாம். வெந்தபின் தெரிந்தால் கேக்கின் மேல் சூடான பாலைத் தூரிகையால் தடவி, ஈரத்துணியால் ஒரு மணி நேரம் மூடிவையுங்கள். உப்பு விடுபட்ட கேக் சப்பென்று இருக்கும். மேலே தடவும் கிரீமிலோ சாக்லேட்டிலோ இரண்டு சிட்டிகை உப்பைச் சேர்த்துவிடுங்கள். எசென்ஸையோ ஏலக்காயையோ மறந்தால், நான்கு மேசைக்கரண்டி இளம்பாகில் அதைக் கலந்து கேக்கின் மேல் தடவினால் மணம் வந்துவிடும். சொல்லப்போனால், வேகும்போது பாதி மணம் ஆவியாகிப் போவதால், இப்படித் தடவும் ஏலக்காய் கூடுதலாகவே மணக்கிறது.

சர்க்கரை என்று நினைத்து உப்பைக் கொட்டிவிட்டேன்.

வெண்ணெயின் மேல் குவியலாக இருக்கும்போதே பார்த்தால் மேற்பகுதியை வழித்தெறிந்துவிடலாம். கலந்துவிட்டால் வழியில்லை. அதில் பாகை ஊற்றியோ மாவைக் கூட்டியோ இன்னும் நான்கு பொருட்களை வீணாக்கவேண்டாம். கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

கிறிஸ்துமஸ் பழக் கேக்குக்குப் பழங்களை ஊறவைக்க மறந்துவிட்டேன். டிசம்பர் 23 ஆகிவிட்டது.

மாதக்கணக்கில் ஊறிய பழத்தின் ஆழம் வராது, ஆனால் நல்ல கேக் வரும். உலர்திராட்சை, பேரீச்சை, டூட்டி ஃபுரூட்டி, செர்ரி எல்லாம் சேர்த்து 300 கிராம் என்றால், ஒரு கப் திராட்சைச் சாறோ ஆரஞ்சுச் சாறோ ஊற்றி, ஒரு துண்டு பட்டையும் இரண்டு கிராம்பும் போட்டு, மிதமான தீயில் சாறு வற்றும் வரை பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி முழுவதும் ஆறவிடுங்கள். சூட்டில் பழத்தின் தோல் தளர்ந்து சாற்றைக் குடித்துவிடும். சூடாக மாவில் போட்டால் வெண்ணெய் உருகிவிடும் என்பதை மட்டும் மறக்கவேண்டாம்.

நிறத்துக்காகச் சேர்க்கும் கருக்கிய சர்க்கரைப் பாகை மறந்தவர்கள், அடர்நிற வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டிச் சேர்க்கலாம். இரண்டு மேசைக்கரண்டி கெட்டியான காபி டிகாக்‌ஷனும் நல்ல நிறத்தையும் மெல்லிய கசப்பையும் தரும். அவசரத்தில் பாகு கருக்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கருகிய சர்க்கரையில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் அது வெடித்துக் கையிலும் முகத்திலும் தெறிக்கும். தீயை அணைத்துவிட்டு, தள்ளி நின்று, வெந்நீரைச் சிறிது சிறிதாக ஊற்றவேண்டும்.

முந்திரி, பழம் முதலியவற்றை மாவில் சேர்க்க மறந்து டின்னில் ஊற்றிவிட்டால், மேலே பரப்பி விரலால் பாதி அளவு அழுத்திவிடுங்கள். அவை மேலே சிவந்து அழகாகவே இருக்கும். மைதாவில் புரட்டாததால்தான் பழம் அடியில் தங்கிவிட்டது என்று பலர் வருந்துகிறார்கள். உண்மையில் மாவு நீர்த்திருப்பதே பெரும்பாலும் காரணம்.

எதுவும் பலிக்கவில்லை. அடையைப் போல அமர்ந்த கேக் கையில் இருக்கிறது.

முதலில் அது வெந்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பாருங்கள். வெந்திருந்து, கசப்போ சோப்பு வாடையோ இல்லை என்றால், இரண்டு வழிகளை நான் நம்பிச் சொல்வேன். ஒன்று ரஸ்க். கேக்கை ஓர் இரவு ஆறவிட்டு, சுண்டுவிரல் கனத்துக்கு நறுக்கி, 150 டிகிரியில் இருபுறமும் திருப்பித் திருப்பி, ஈரம் முழுவதும் போய்ச் சிவக்கும் வரை சுடவேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் பல நாள் இருக்கும். பேக்கிங் பவுடர் விடுபட்ட கேக்குக்கு இதுவே சிறந்தது, ஏனென்றால் ரஸ்க்குக்கு அந்த நெருக்கமான அமைப்பு பொருந்துகிறது. மற்றொன்று புட்டிங். கேக்கைத் துண்டாக்கிக் கிண்ணத்தில் அடுக்கி, இரண்டு முட்டை, ஒன்றரை கப் பால், மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை ஆகியவற்றை அடித்து ஊற்றி, பதினைந்து நிமிடம் ஊறியபின் இட்லிப் பானையில் முக்கால் மணி நேரம் ஆவியில் வேகவிடவேண்டும். மேலே தட்டு போட்டு மூடினால் ஆவித்தண்ணீர் சொட்டாது.

மறக்காமல் இருக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

வெண்ணெயைத் தொடுவதற்கு முன்பே எல்லாப் பொருட்களையும் அளந்து, தனித்தனிக் கிண்ணங்களில் போட்டு, ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் அடுக்கிவிடுகிறேன். அரைத் தேக்கரண்டிப் பொருளுக்கும் தனிக் கிண்ணம்தான். காலியான கிண்ணத்தை அந்த நொடியிலேயே தொட்டியில் போட்டுவிடுவேன். மாவை டின்னில் ஊற்றும்போது தாம்பாளம் வெறுமையாக இருக்கவேண்டும். ஒரு கிண்ணம் மிஞ்சியிருந்தால் கை தானாக நின்றுவிடும். தொலைபேசியை வேறு அறையில் வைப்பதும் உதவுகிறது, ஏனென்றால் என்னிடம் கேட்டவர்களில் பலரும் நடுவில் வந்த ஓர் அழைப்பைப் பேசிவிட்டுத் திரும்பிய வேளையில்தான் எதையோ விட்டிருக்கிறார்கள்.

பணம் வாங்கிக்கொண்டு செய்துகொடுக்கும் கேக்கில் இப்படி நேர்ந்தால், சீர்செய்ததைச் சொல்லவேண்டுமா?

கட்டாயம் சொல்லவேண்டும். உப்பையோ எசென்ஸையோ பின்னால் சேர்த்ததைச் சொல்லாமல் விடலாம். ஆனால் ஒன்றுக்குப் பதிலாக வேறொன்றைச் சேர்த்திருந்தால் உண்பவருக்கு அது தெரிந்திருக்கவேண்டும். முட்டையில்லாத கேக் கேட்டவர் வீட்டுக்கு, தயிர் தீர்ந்துபோனது என்பதற்காக முட்டை சேர்த்து அனுப்புவது அவர்கள் நம்பிக்கையை உடைப்பதாகும். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு எனப் பல ஊர்களிலிருந்தும் இஸ்லாமியக் குடும்பத்தினர் பழக் கேக் கேட்பார்கள். ஊறாத பழத்தை ஈடுகட்ட ரம் சேர்த்த பாகைத் தடவுவதை அந்தக் கேக்குக்கு நினைத்தும் பார்க்கக்கூடாது. வேர்க்கடலை, முந்திரி, பாதாம் ஆகியவை சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும் என்பதால், மேலே தூவும் பொடியைக்கூட மாற்றுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

சர்க்கரை விடுபட்ட ஸ்பாஞ்சை ஹனி கேக்காக மாற்றினால், அது ஹனி கேக் என்று சொல்லி, வேண்டுமா வேண்டாமா என்று கேட்டபின் அனுப்புகிறேன். வேண்டாம் என்றால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். மாலை ஆறு மணிக்கு மெழுகுவத்தி ஏற்றவேண்டிய வீட்டுக்குப் பிற்பகல் மூன்று மணிக்கே உண்மையைச் சொல்லிவிட்டால்தான், அவர்கள் வேறு கேக் வாங்கி வருவதற்கு நேரம் இருக்கும்.